சளி கொடுக்க வெட்கம் எதற்கு?



மழை ஓய்ந்து பனி இறங்கும் மாதங்களில் எந்தத் தெருவில் நடந்தாலும் இருமல் சத்தம் கேட்கும். ஒரு வீட்டில் தூதுவளை ரசம் கொதிக்கும். இன்னொரு வீட்டில் சித்தரத்தையை நசுக்கிப் பாலில் போடுவார்கள். அடுத்த வீட்டில், தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய இருமல் சிரப் இரண்டாவது பாட்டிலும் காலியாகிக்கொண்டிருக்கும்.

இதில் எதுவும் தப்பில்லை. பெரும்பாலான இருமல், ஜலதோஷத்தோடு வந்து கொஞ்ச நாளில் தானாகப் போய்விடுவதுதான். இந்த மாதம் நான் உங்களிடம் பேச நினைப்பது போகாத இருமலைப் பற்றி.

இரண்டு வாரம் தாண்டியும் இருமல் நிற்காவிட்டால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? முதலில் அதற்கு ஒரு பெயர் வந்து ஒட்டிக்கொள்கிறது. 'அவருக்கு வீசிங் இருக்கு.' 'அவளுக்குச் சின்ன வயசிலேருந்தே ஈஸ்னோபீலியா.' 'மாமாவுக்கு சிகரெட் இருமல்.' 'அத்தைக்கு டஸ்ட் அலர்ஜி.' இந்தப் பெயரை எந்த டாக்டர் வைத்தார், எந்தப் பரிசோதனையைப் பார்த்து வைத்தார் என்று கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஆனால் பெயர் மட்டும் வருஷக்கணக்கில் கூடவே வரும்.

கிளினிக்குக்குப் போனாலும் அதையேதான் சொல்கிறோம். 'என்ன செய்யுது?' என்று டாக்டர் கேட்டால், எத்தனை நாளாக இருமல், ராத்திரியில் அதிகமா, சாயங்காலம் காய்ச்சல் அடிக்கிறதா, எடை குறைந்ததா என்று யாராவது சொல்கிறோமா? 'வீசிங்தான் டாக்டர், வழக்கமா வர்றதுதான்' என்று நாமே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறோம். வெளியே நாற்பது பேர் காத்திருக்கும்போது, அவரும் அதை ஒப்புக்கொண்டு மருந்து எழுதிவிட்டால் பழியை முழுக்க அவர் மேல் போட முடியுமா?

நுரையீரலில் வரும் தொற்றுகள் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்கும். ஆஸ்துமா மாதிரி, புற்றுநோய் மாதிரி, சில சமயம் இதய நோய் மாதிரிகூடத் தோன்றும். அதனால் பெயரை முதலில் வைத்துவிட்டு மருந்தைப் பின்னால் தேடுவது ஆபத்து. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்.

ஏன் இந்தக் குழப்பம் வருகிறது? நுரையீரலின் சதைக்கு வலி தெரியாது. அதைச் சுற்றியுள்ள உறையில் பாதிப்பு வந்தால்தான் நெஞ்சு குத்தும். மற்றபடி அதற்குக் காட்டத் தெரிந்தவை இருமல், சளி, மூச்சு வாங்குதல், எப்போதாவது ரத்தம் என்று நாலைந்து அறிகுறிகள்தான். உள்ளே எந்த நோய் வந்தாலும் அவற்றில் சிலதான் வெளியே தெரியும். புகையைப் பார்த்து அடுப்பில் எரிவது விறகா வறட்டியா என்று எப்படிச் சொல்வது?

எக்ஸ்ரே எடுத்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். எக்ஸ்ரே மிக உதவியான கருவிதான். எங்கே பாதிப்பு என்று காட்டும். காற்று நிறைந்த இடம் கறுப்பாகத் தெரியும். காற்று இருக்க வேண்டிய இடத்தில் சீழோ நீரோ ரத்தமோ சதையோ அடைத்திருந்தால் வெள்ளையாகத் தெரியும். ஆனால் அந்த வெள்ளை என்ன என்று படம் பெரும்பாலும் சொல்வதில்லை. நிமோனியாவும் வெள்ளைதான், டிபியும் வெள்ளைதான், பூஞ்சையும் கட்டியும் வெள்ளைதான். 'எக்ஸ்ரேல டிபின்னு வந்திருக்கு' என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். உண்மையில் எக்ஸ்ரே தருவது ஒரு சந்தேகம். அதைத் தீர்க்க வேறு பரிசோதனை வேண்டும்.

நம் மண்ணிலேயே நடந்த ஒரு சம்பவம் உண்டு. மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் என்ற காசநோய் மருத்துவமனை இருந்தது. இன்று ஆந்திராவில் உள்ள அந்த இடம் அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. டிபி என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் சிலருக்கு இருமல், இளைப்பு, காய்ச்சல், எக்ஸ்ரேயில் நிழல் எல்லாம் இருந்தன. ஆனால் சளியில் டிபி கிருமி இல்லை. ரத்தத்தில் ஈஸினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் மட்டும் மிக அதிகமாக இருந்தன. அங்கே பணியாற்றிய டென்மார்க் டாக்டர் ஃபிரிமோட்-மோலர், பார்ட்டன் என்ற இன்னொரு டாக்டரோடு சேர்ந்து 1940-ல் இதை 'போலிக் காசநோய்' என்ற பொருளில் மருத்துவ இதழில் எழுதினார். 1943-ல் வெயின்கார்ட்டன் என்ற டாக்டர் இதே நோயைத் தனி நோயாக விவரித்தார்.

காரணம் பின்னால்தான் தெளிவானது. யானைக்கால் நோயை உண்டாக்கும் அதே புழுதான். கொசு கடித்து உடலுக்குள் போகும் அந்தப் புழுவின் நுண்ணிய குஞ்சுகளுக்கு எதிராகச் சிலருடைய உடல் அளவுக்கு மீறிக் கொந்தளிக்கிறது. அந்தக் கொந்தளிப்பு நுரையீரலில் நடக்கிறது. ராத்திரியில் இருமல் பிடுங்கும், மூச்சில் விசில் சத்தம் கேட்கும். நோயாளி ஆஸ்துமா என்று நினைப்பார். படத்தைப் பார்ப்பவர் டிபி என்று நினைப்பார். சரியாகக் கண்டுபிடித்தால் டிஇசி மாத்திரையை மூன்று வாரம் சாப்பிட்டால் பெரும்பாலோருக்குக் குணமாகிவிடும். கண்டுபிடிக்காமல் வருஷக்கணக்கில் விட்டால் நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும்.

நம் வீடுகளில் 'ஈஸ்னோபீலியா' என்று சகஜமாகச் சொல்கிறோமே, அது பெரும்பாலும் இந்த நோய் அல்ல. அலர்ஜியிலும், வயிற்றில் பூச்சி இருந்தாலும், சில மருந்துகளாலும் இந்த அணுக்கள் கொஞ்சம் கூடும். புழுவால் வரும் இந்த நோயில் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 3,000-க்கு மேல் ஏறும். ரிப்போர்ட்டில் அந்த எண் எவ்வளவு என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

தப்பாக ஒட்டிய பெயர் எவ்வளவு பெரிய இழப்பைத் தரும் என்பதற்கு நமக்கு ஸ்ரீனிவாச ராமானுஜனைவிட வேறு சாட்சி வேண்டாம். இங்கிலாந்தில் 1917-ல் நோய்வாய்ப்பட்ட அவரைப் பெரும்பாலும் காசநோயாளியாகக் கருதி சானடோரியங்களில் வைத்துப் பார்த்தார்கள். ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ல் சென்னை சேத்துப்பட்டில் இறந்தபோது அவருக்கு வயது 32. 1994-ல் டி.ஏ.பி.யங் என்ற ஆய்வாளர் பழைய குறிப்புகளை எல்லாம் அலசி, அது காசநோயாக இருந்திருக்க வாய்ப்பு குறைவு, அமீபா கிருமி கல்லீரலைத் தாக்கியதாகவே தெரிகிறது என்று எழுதினார். இங்கிலாந்து போவதற்கு முன்பே ராமானுஜனுக்கு ஒரு தடவை கடுமையான சீதபேதி வந்திருந்தது. அந்தப் பழைய வியாதியையும் புதிய காய்ச்சலையும் சேர்த்துப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நூறு வருஷம் கழித்து நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. அமீபா சீழ்க்கட்டிக்கு அன்றே சிகிச்சை இருந்தது என்பது மட்டும் மனதைப் பிசைகிறது.

அது அந்தக் காலம், இப்போது எத்தனையோ வசதி வந்துவிட்டது என்று தோன்றலாம். வசதி வந்திருக்கிறது. ஆனால் குழப்பம் போகவில்லை. வீட்டில் யாருக்காவது பொருந்துகிறதா என்று யோசித்துக்கொண்டே கீழே உள்ளவற்றைப் படியுங்கள்.

முதலில் டிபி வந்து குணமானவர்கள். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு, சளியில் கிருமி இல்லை என்று எழுதி வாங்கியவர்கள். டிபி ஆறினாலும் சிலருக்கு நுரையீரலில் ஒரு குழி நின்றுவிடும். அந்தக் குழியில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை குடியேறலாம். மக்கிய வைக்கோல், நமுத்த தானியம், ஈரச் சுவர் எங்கும் இருக்கிற பூஞ்சைதான் இது. ஒன்றிரண்டு வருஷம் கழித்து இருமல் திரும்பும், எடை குறையும், சளியில் ரத்தம் வரும். வீட்டில் எல்லோரும் என்ன சொல்வோம்? 'டிபி திரும்பிடுச்சு.' மறுபடியும் டிபி மாத்திரை. ஆனால் டிபி மருந்துக்குப் பூஞ்சை சாகாது. அதைக் கண்டுபிடிக்க ஆஸ்பர்ஜில்லஸுக்கான ரத்தப் பரிசோதனையும் சிடி ஸ்கேனும் உண்டு, இட்ராகோனசோல் போன்ற தனி மருந்தும் உண்டு. உண்மையிலேயே டிபி திரும்பி வருவதும் நடக்கும். அதனால் முதலில் சளியைப் பார்க்க வேண்டும்.

அடுத்து ஆஸ்துமாக்காரர்கள். இதே பூஞ்சை, ஆஸ்துமா உள்ள சிலருடைய மூச்சுக்குழாயில் தங்கி ஒவ்வாமையைக் கிளப்பும். இன்ஹேலர் போட்டும் அடங்காத வீசிங், இருமும்போது பழுப்பு நிறத்தில் கெட்டியான சளிக் கட்டிகள், எக்ஸ்ரேயில் இன்று ஓரிடத்தில், அடுத்த முறை வேறிடத்தில் நிழல். நம் நாட்டில் இவர்களில் பலர் டிபி சிகிச்சை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சரியான டாக்டரிடம் வந்து சேர்கிறார்கள். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இந்த நோய்க்குக் கொடுக்கும் முக்கியமான மருந்துகளில் ஒன்று ஸ்டீராய்டு. டிபி உள்ளவருக்கு, டிபி மருந்து இல்லாமல் ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். ஒருவருக்கு மருந்தாவது இன்னொருவருக்கு விஷமாகும் இடம் இது. பெயர் மாறினால் என்ன, எதற்கோ மருந்து சாப்பிட்டால் சரி என்று இருக்க முடியாது.

மூன்றாவது, சர்க்கரை நோயாளிகள். வயலில், சேற்றில் வேலை செய்பவர்கள் இன்னும் கவனமாகப் படியுங்கள். மெலியாய்டோசிஸ் என்ற நோய் மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியாவால் வருகிறது. 1911-ல் ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோர் என்ற டாக்டர் இதை முதலில் கண்டார். 1912-ல் இதைப் பற்றி வந்த கட்டுரையில் அவரோடு சேர்ந்து சி.எஸ்.கிருஷ்ணசாமி என்பவரின் பெயரும் இருக்கிறது. காயம்பட்ட காலோடு சேற்றில் இறங்கினாலோ, பெருமழையில் காற்றோடு உள்ளே இழுத்தாலோ கிருமி உடலுக்குள் போய்விடும். மழைக்காலத்தில் அதிகம் தலைகாட்டும். கடுமையான நிமோனியா மாதிரியும் வரும், மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு அச்சு அசலாக டிபி மாதிரியும் வரும். தமிழ்நாட்டிலும் இந்த நோய் உண்டு. வேலூர் சிஎம்சி டாக்டர்கள் இதைப் பற்றித் தொடர்ந்து எழுதி வருகிறார்கள். வழக்கமான பல ஆன்டிபயாடிக்குகளுக்கு இது மசியாது. ரத்தத்தையோ சளியையோ சீழையோ 'கல்ச்சர்' செய்து, அதாவது கிருமியை வளர்த்துப் பார்த்தால்தான் பிடிபடும். பிடிபட்டால் தகுந்த ஊசி மருந்தும், அதற்குப் பிறகு மாதக்கணக்கில் மாத்திரையும் கொடுத்துக் காப்பாற்றலாம்.

இதுவரை சொன்னது, டிபி இல்லாததை டிபி என்று நினைப்பது. இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது. நம் வீடுகளில் இதுதான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. டிபி இருக்கிறது, ஆனால் வேறு பெயரில் ஒளிந்திருக்கிறது.

சர்க்கரை நோயாளிக்கு டிபி வந்தால், நிழல் வழக்கமான மேல்பகுதியில் இல்லாமல் கீழ்ப்பகுதியில் விழுவது சகஜம். நிமோனியா என்று நினைத்து ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். அது லிவோஃப்ளாக்சசின் வகையாக இருந்தால் இன்னொரு சிக்கல். அந்த மருந்து டிபி கிருமியையும் கொஞ்சம் அடக்கும். காய்ச்சல் குறையும். 'அப்பாடா, சரியாயிடுச்சு' என்று நிம்மதியாக இருப்போம். சில வாரத்தில் எல்லாம் திரும்பி வரும். மறுபடி வேறு கிளினிக், மறுபடி ஒரு கோர்ஸ். இப்படியே மாதங்கள் ஓடிவிடும். அதுவரை அதே வீட்டில், அதே அறையில் பேரக்குழந்தை படுத்திருக்கும்.

டிபி என்று தவறாக நினைக்கப்படும் நோய்களில் புற்றுநோயும் உண்டு. இருமல், ரத்தம், எடைக் குறைவு, ஒரு வெள்ளை நிழல் இருந்தால் நம் ஊரில் டிபி என்று தோன்றுவது இயல்பு. டிபி அவ்வளவு சகஜம். உலகத்திலேயே அதிக டிபி நோயாளிகள் உள்ள நாடு நம்முடையது. ஆனால் சளியில் கிருமி தென்படாமலே டிபி மாத்திரை தொடங்கி, மாதங்கள் கழித்து, அது கட்டி என்று தெரியவரும் குடும்பங்களின் வேதனை சொல்லி மாளாது. 'அவ பீடி சிகரெட் தொட்டதே இல்லையே' என்று பெண்கள் விஷயத்தில் இந்தச் சந்தேகமே எழுவதில்லை. புகைக்காத பெண்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் வருகிறது.

வயதானவர்கள் கதை தனி. எழுபதைத் தாண்டியவருக்கு நிமோனியா வந்தால் காய்ச்சல் அடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சாப்பாடு இறங்காது, அசதியாகப் படுத்திருப்பார், பேச்சு தடுமாறும். 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடுவோம். மூச்சு வாங்கினால் இதயக் கோளாறா தொற்றா என்று டாக்டர்களுக்கே ஒரு பார்வையில் சொல்வது கஷ்டம். கால் வீங்குகிறதா, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறதா, ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொள்கிறாரா என்பதைக் கூட இருப்பவர்கள் கவனித்துச் சொன்னால் டாக்டருக்குப் பாதி வேலை குறையும்.

இவ்வளவு குழப்பத்திலிருந்து வெளியே வர வழி என்ன? பல நேரம் ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பா போதும்.

ஆம், சளிப் பரிசோதனை. அரசு ஆஸ்பத்திரிகளில் டிபிக்கான இந்தப் பரிசோதனை இலவசம். 1882 மார்ச் 24-ல் பெர்லினில் ராபர்ட் கோக் டிபி கிருமியைக் கண்டுபிடித்ததை அறிவித்தார். அன்றிலிருந்து வெகுகாலம் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதே வழியாக இருந்தது. அதில் ஒரு குறை. ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் கண்ணில் படும். அதனால் மைக்ராஸ்கோப்பில் 'நெகட்டிவ்' என்று வந்தால் டிபி இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை. இப்போது சிபிநாட், ட்ரூநாட் என்ற மூலக்கூறுப் பரிசோதனைகள் வந்துவிட்டன. ட்ரூநாட் நம் நாட்டிலேயே உருவானது. பேட்டரியிலும் ஓடும், அதனால் சிறிய சுகாதார நிலையத்திலும் வைக்கலாம். இவை குறைந்த அளவு கிருமியையும் சில மணி நேரத்தில் காட்டிவிடும். ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான மருந்துக்கு அந்தக் கிருமி அடங்குமா அடங்காதா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும்.

ஆனால் டப்பாவில் என்ன கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஆஸ்பத்திரி வராண்டாவில் டப்பாவை வாங்கிக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்து, முந்தானையை வாயருகே பிடித்துக்கொண்டு, ஒரு முறை தொண்டையைச் செருமி, எச்சிலைத் துப்பிவிட்டு மூடிக் கொடுத்துவிடுகிறோம். டப்பாவில் இருப்பது தண்ணீர் மாதிரி நுரைத்த எச்சில். அதில் கிருமி எங்கே இருக்கும்? ரிப்போர்ட் 'நெகட்டிவ்' என்று வரும். வீட்டுக்கு வந்து, 'டிபி இல்லையாம்' என்று நிம்மதியாகப் படுத்துக்கொள்வோம்.

சரியான முறை இதுதான். முதலில் வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளியுங்கள். ஆட்கள் இல்லாத, காற்றோட்டமான திறந்த வெளிக்குப் போங்கள். மூச்சை நன்றாக உள்ளிழுத்து, சில நொடி நிறுத்தி, மெதுவாக விடுங்கள். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்துவிட்டு, அடிவயிற்றிலிருந்து இருமுங்கள். தொண்டையிலிருந்து அல்ல, நெஞ்சுக்கு உள்ளிருந்து வரவேண்டும். கெட்டியாக, மஞ்சளாகவோ வெள்ளையாகவோ வருவதுதான் சளி. டப்பாவின் வெளிப்பக்கம் படாமல் துப்பி, மூடியை இறுக்க மூடிக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காலையில் எழுந்தவுடன் வரும் சளி இன்னும் நல்லது. ராத்திரி முழுக்கச் சேர்ந்தது அல்லவா? அதனால்தான் பெரும்பாலும் வந்த இடத்தில் ஒன்று, மறுநாள் காலையில் ஒன்று என்று இரண்டு தடவை கேட்கிறார்கள்.

இதை யாராவது பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தாலே எவ்வளவு மாற்றம் வரும் தெரியுமா? பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் நடந்த ஓர் ஆய்வு 2007-ல் லான்செட் இதழில் வெளியானது. சளியை எப்படி எடுப்பது என்று பெண்களில் ஒரு பாதிப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மறுபாதிக்கு வழக்கம்போல் டப்பாவை மட்டும் கொடுத்தார்கள். டப்பா மட்டும் வாங்கியவர்களில் 100-க்கு 8 பேருக்குக் கிருமி தெரிந்தது. சொல்லிக்கொடுத்த பக்கம் 13 பேருக்குத் தெரிந்தது. புதிய கருவி இல்லை, புதிய மருந்து இல்லை. இரண்டு நிமிஷம் பொறுமையாகப் பேசியதுதான் வித்தியாசம். வீட்டுப் பெண்களுக்கு அந்த இரண்டு நிமிஷத்தை நாமே கொடுக்கலாமே?

குழந்தைகளுக்குச் சளியைத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடுவார்கள். அதற்கும் வழி உண்டு. அதிகாலையில் வெறும் வயிற்றிலிருந்து மெல்லிய குழாய் வழியாக எடுத்துப் பார்ப்பார்கள். 'பச்சப்புள்ளைக்குக் குழாய் போடுவாங்களா' என்று பயந்து திரும்பிவிடாதீர்கள். பெரியவர்களுக்கும் சளி வராவிட்டால் பிராங்கோஸ்கோபி என்ற பரிசோதனை இருக்கிறது. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தால் அந்த நீரையே எடுத்துச் சோதிக்கலாம்.

ஒரு விஷயத்தில் ஏமாறாதீர்கள். டிபியைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லி, ரத்தத்தில் ஐஜிஜி, ஐஜிஎம் பார்க்கும் பரிசோதனைகளை மத்திய அரசு 2012-ல் தடை செய்துவிட்டது. நம்ப முடியாத ரிப்போர்ட் தருகின்றன என்பதே காரணம். சளிக்குப் பதில் ரத்தத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இதை மறக்க வேண்டாம்.

சரி, சளி கொடுக்க இவ்வளவு தயக்கம் ஏன்? அருவருப்பு மட்டும் காரணம் இல்லை. பயம்தான். ஆஸ்துமா என்றால் சொல்லிக்கொள்ளலாம். டிபி என்றால் பெண்ணுக்கு வரன் பார்ப்பது என்ன ஆகும், வாடகை வீட்டுக்காரர் என்ன சொல்வார், தட்டும் டம்ளரும் தனியாகிவிடுமோ என்ற கவலை. அதனால் நமக்குப் பிடித்த பெயரைத் தேடி டாக்டரை மாற்றிக்கொண்டே இருக்கிறோம். டிபி தட்டிலும் டம்ளரிலும் பரவுவதில்லை, காற்றில்தான் பரவுகிறது. மருந்துக்கு அடங்கும் சாதாரண டிபி, ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் ஆறு மாதத்தில் குணமாகும். மறைத்து வைப்பதால்தான் வீட்டில் மற்றவர்களுக்கும் வருகிறது.

இன்னொன்றும் மனம்விட்டுச் சொல்கிறேன். டாக்டரை அவசரப்படுத்துவதும் நாம்தான். 'ஒரு ஊசி போட்டு விடுங்க சார், நாளைக்கு வேலைக்குப் போகணும்.' தினக்கூலி வாங்குபவருக்கு ஒரு நாள் ஆஸ்பத்திரி வரிசை என்றால் ஒரு நாள் கூலி போச்சு. அந்தக் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்த ஒரு நாளை மிச்சம் பிடிக்கப் போய் ஆறு மாதக் கூலியை இழந்தவர்கள் எத்தனை பேர்!

இதையெல்லாம் படித்துவிட்டு, 'நமக்கும் தப்பா டிபின்னு சொல்லியிருப்பாங்களோ' என்று இப்போது மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் யாராவது நிறுத்திவிடக் கூடாது. தயவுசெய்து நிறுத்தவே நிறுத்தாதீர்கள். பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறிவிடும் அபாயம் இருக்கிறது. சில நேரம் சளியில் கிருமி கிடைக்காமலும், மற்ற எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்த்து டிபி என்று டாக்டர் முடிவெடுப்பது உண்டு. அதுவும் முறையான சிகிச்சைதான். சந்தேகம் இருந்தால் மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டே அவரிடம் போய்க் கேளுங்கள்.

என்ன கேட்பது? மரியாதையாக, பயப்படாமல் மூன்றே கேள்வி. 'இந்த நோய்தான்னு எந்தப் பரிசோதனையில தெரிஞ்சது டாக்டர்?' 'வேற ஏதாவதா இருக்க வாய்ப்பு உண்டா?' 'எத்தனை நாள்ல குறையணும், குறையலைன்னா எப்ப வரணும்?' நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார். மூன்றாவது கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். மருந்து வேலை செய்கிறதா என்று முதலில் தெரிவது வீட்டில் இருப்பவர்களுக்குத்தான். காய்ச்சல் விடுகிறதா, பசி எடுக்கிறதா, எடை ஏறுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் புது டாக்டரைத் தேடி ஓடாமல், அதே டாக்டரிடம் திரும்பிப் போய்ச் சொல்லுங்கள்.

போகும்போது பழைய எக்ஸ்ரேக்கள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். பீரோவுக்குப் பின்னால் செருகி வைத்திருக்கும் அந்தக் கவர்களுக்கு மதிப்பு அதிகம். இன்று தெரியும் நிழல் ஐந்து வருஷம் முன்பும் அதே மாதிரி இருந்ததா என்பது பல நேரம் நோயையே பிரித்துக் காட்டிவிடும். இதுவரை சாப்பிட்ட ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு, நாட்டு மருந்து எதையும் மறைக்காதீர்கள். சர்க்கரை அளவைச் சொல்லுங்கள். என்ன வேலை, வயலா, மில்லா, கல் உடைக்கும் இடமா, வீட்டில் புறா, கோழி வளர்க்கிறீர்களா என்பதையும் சொல்லுங்கள்.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, வாய் நிறைய ரத்தம் வந்தாலோ, வயதானவருக்குத் திடீரென நினைவு தடுமாறினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் அலமாரியில் தூங்குகிறது அல்லவா? அதில் 94-க்குக் கீழே காட்டினாலும் தாமதிக்க வேண்டாம்.

டிபி என்று உறுதியானால் மருந்து இலவசம். சத்தான சாப்பாட்டுக்காக மாதம் 500 ரூபாயாக இருந்த அரசு உதவி 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. தனியார் கிளினிக்கில் சிகிச்சை எடுத்தாலும் பதிவு செய்தால் கிடைக்கும். விவரத்துக்கு 1800-11-6666 என்ற இலவச எண்ணை அழைக்கலாம். தமிழ்நாட்டில் டிபியால் ஒருவரும் இறக்கக் கூடாது என்று 2022-ல் தனித் திட்டமே தொடங்கியிருக்கிறார்கள். நோயின் தொடக்கத்திலேயே யார் ஆபத்தான நிலையில் இருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்து, அவர்களை உடனே ஆஸ்பத்திரியில் சேர்ப்பது அதன் நோக்கம். இதெல்லாம் நாம் நேரத்தோடு போனால்தான் பயன்படும்.

உங்களிடம் உரிமையோடு ஒன்று கேட்கிறேன். இந்த வாரம் உங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர் யார் என்று யோசியுங்கள். சமையல் செய்யும் அம்மாவாக இருக்கலாம், வாட்ச்மேன் தாத்தாவாக இருக்கலாம், பாத்திரம் தேய்க்க வரும் அக்காவாக இருக்கலாம். 'வழக்கமா வர்றதுதான்' என்று அவர்கள் சொல்வார்கள். நீங்கள் ஒப்புக்கொள்ளாதீர்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூடப் போங்கள். டப்பாவை வாங்கிக் கொடுத்து, எப்படி எடுப்பது என்று சொல்லிக்கொடுங்கள். சாதாரண இருமல் என்று ரிப்போர்ட் வந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். வேறு ஏதாவது என்று வந்தால், அதற்குச் சரியான மருந்து சரியான நேரத்தில் கிடைக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்